கையில் டார்ச், காதில் போன்: ‘சைலன்ட் ஹில்: ஷாட்டர்ட் மெமரீஸ்’ கேமை வீ ரிமோட்டில் விளையாட முழு வழிகாட்டி

இந்த கேமில் துப்பாக்கி கிடையாது. கத்தி, இரும்புக் கம்பி, கட்டை எதுவுமே கிடையாது. பனி கொட்டும் ஊர், தொலைந்துபோன மகள், அவளைத் தேடி அலையும் ஹாரி மேசன் என்ற அப்பா, அவர் கையில் ஒரு டார்ச், ஒரு செல்போன். அவ்வளவுதான். அந்த டார்ச்சும் செல்போனும் உங்கள் கையில் இருக்கும் வீ (நின்டெண்டோவின் கேம் எந்திரம்) ரிமோட்தான் என்பதால், பத்து நிமிடம் விளையாடியதுமே அந்த இருட்டுக்குள் நீங்களே நடக்கிற மாதிரி ஆகிவிடும். நான் இதை நாலு முறை முடித்திருக்கிறேன். நண்பர்களை உட்காரவைத்து விளையாட விட்டும் பார்த்திருக்கிறேன். பாதியில் விட்டவர்கள் யாரும் பயந்து விட்டதில்லை, ரிமோட் சரியாகப் பிடிபடாத எரிச்சலில்தான் விட்டார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் கதையை விட கைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1999-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல் ‘சைலன்ட் ஹில்’ கதையை எடுத்து, அதே பெயர்களை வைத்துக்கொண்டு, வேறு கதையாகத் திருப்பிச் சொல்லும் கேம் இது. செய்தது இங்கிலாந்தின் கிளைமேக்ஸ் ஸ்டுடியோஸ், வெளியிட்டது கொனாமி. எழுத்தும் வடிவமைப்பும் முக்கியமாக சாம் பார்லோ, இசை அகிரா யமவோகா. 2009 டிசம்பரில் அமெரிக்காவில் நின்டெண்டோ வீக்கு வந்தது. அடுத்த மாதமே பிளேஸ்டேஷன் 2-க்கும் (பிஎஸ்2) கையடக்க பிஎஸ்பிக்கும் வந்தது. பழைய கேம் எதுவும் விளையாடியிருக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் விளையாடாதவர்களுக்கு இது இன்னும் நன்றாக வேலை செய்யும்.

பிஎஸ்2, பிஎஸ்பியில் கதை அதேதான். ஆனால் அங்கே டார்ச்சை ஸ்டிக்கால் தள்ள வேண்டும், போன் குரல் உங்கள் கைக்குள்ளிருந்து வராது. வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

எதில் விளையாடுவது

வீ இருந்தால் சரி. அதற்கு அடுத்து வந்த வீ யூ இருந்தாலும் சரி, அதில் வீ டிஸ்க் ஓடும், பழைய ரிமோட்டும் நன்சக்கும் (ரிமோட்டில் சொருகி இன்னொரு கையில் பிடிக்கும் ஸ்டிக் உள்ள துணைக்கருவி) சேரும். இந்த கேமுக்கு மோஷன் பிளஸ் என்ற கூடுதல் அசைவுக் கருவி தேவையில்லை, சாதாரண ரிமோட்டும் நன்சக்கும் போதும்.

பழைய வீயை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, வீயில் பகுதிப் பூட்டு உண்டு: அமெரிக்க வீயில் அமெரிக்க டிஸ்க்தான் ஓடும், ஐரோப்பிய வீயில் ஐரோப்பிய டிஸ்க்தான். இரண்டாவது அதைவிட முக்கியம். அமெரிக்க வீயோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது, நம் வீட்டு பிளக்கில் 230 வோல்ட். எனக்கு விற்றவர் “அப்படியே சொருகலாம்” என்றார், நானும் நம்பிச் சொருகினேன், ஒரு சின்ன ‘டப்’, அப்புறம் கருகிய வாசனை. வீக்கு ஒன்றும் ஆகவில்லை, அடாப்டர் போய்விட்டது. அடாப்டர் மேல் பொடி எழுத்தில் இன்புட் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். 120 என்று இருந்தால் ஐரோப்பிய வீக்கான அடாப்டர் வாங்குங்கள், அல்லது நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வையுங்கள்.

கணினியை வீ மாதிரி இயங்கவைக்கும் டால்பின் எமுலேட்டரில் விளையாடுகிறவர்களும் உண்டு, சொந்த டிஸ்க்கிலிருந்து எடுத்த பிரதியை வைத்து. அதில் தயவுசெய்து மவுஸால் டார்ச்சை நகர்த்தாதீர்கள், இந்த கேமின் உயிரே போய்விடும். உண்மையான வீ ரிமோட்டை ப்ளூடூத்தில் இணைக்கலாம், யூஎஸ்பியில் ஓடும் சென்சார் பார் தனியாகவே கிடைக்கிறது. கன்ட்ரோலர் அமைப்பில் ஸ்பீக்கர் டேட்டா என்ற ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் செய்தால்தான் ரிமோட்டில் போன் சத்தம் வரும். சில ப்ளூடூத் அடாப்டரில் குரல் விட்டுவிட்டு வரும், அதற்குத் தயாராக இருங்கள்.

அறையைத் தயார் செய்வது

இதை அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள். ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை வராது.

டிவி மேல் வைக்கும் சென்சார் பார் என்பது பெயருக்குத்தான் சென்சார். அது எதையும் உணர்வதில்லை. அதன் இரண்டு முனையிலும் அகச்சிவப்பு எல்இடிகள் எரிகின்றன, கண்ணுக்குத் தெரியாது. ரிமோட்டின் மூக்கில் ஒரு குட்டிக் கேமரா இருக்கிறது. அது அந்த இரண்டு வெளிச்சப் புள்ளிகளைப் பார்த்துத்தான் நீங்கள் திரையில் எந்த இடத்தைக் காட்டுகிறீர்கள் என்று கணக்குப் போடுகிறது. சென்சார் பார் கெட்டுப்போனால் அந்த இடத்தில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவைத்தும் விளையாடலாம், நான் செய்து பார்த்திருக்கிறேன், வேலை செய்கிறது.

இதன் மறுபக்கம் என்னவென்றால், டிவிக்குப் பக்கத்தில் வேறு நெருப்போ வெயிலோ இருந்தால் ரிமோட் குழம்பிப்போகும். என் வீட்டில் டிவிக்கு மேலேயே சாமி அலமாரி. சாயங்காலம் விளக்கேற்றியதும் டார்ச் வெளிச்சம் திரையில் ஓர் ஓரமாக இழுத்துக்கொண்டு போகும், பல நாள் காரணமே புரியவில்லை. விளக்கு மலையேறியபின் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உட்கார ஆரம்பித்தேன், சரியாகிவிட்டது. எப்படியும் இது பகலில் விளையாடுகிற கேம் இல்லை.

டிவியிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். உங்கள் கண் மட்டத்துக்கு ஓரளவு நேராக சென்சார் பார் இருக்கட்டும். வீ மெனுவில் அதை டிவிக்கு மேலே வைத்திருக்கிறீர்களா கீழேயா என்று சொல்லும் இடம் இருக்கிறது, அதை மாற்றாமல் விட்டால் டார்ச் எப்போதும் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ தெரியும். அதே இடத்தில் சென்சிட்டிவிட்டியும் உண்டு, 1 முதல் 5 வரை. புள்ளி நடுங்கினால் ஒரு படி கூட்டிப் பாருங்கள், குறைத்துப் பாருங்கள், இரண்டுமே சில வீடுகளில் சரியாகும்.

டிவியில் கேம் மோடு இருந்தால் போடுங்கள். நிறப் பொலிவு, மோஷன் ஸ்மூத்திங் போன்றவை எல்லாம் படத்தைத் தாமதப்படுத்தும், கை ஒரு பக்கம் போய் டார்ச் பின்னால் வருகிற மாதிரி இருக்கும். டிவியில் காம்பொனன்ட் சொருகும் வசதி இருந்தால் அந்தக் கேபிளில் 480பி (தெளிவு கூடிய படம்) வைத்துக்கொள்ளுங்கள், இருட்டுக் காட்சிகளில் வித்தியாசம் தெரியும். பிரைட்னஸை மட்டும் கூட்டாதீர்கள். டார்ச் படாத இடம் கறுப்பாகவே இருக்க வேண்டும்.

கடைசியாக ரிமோட்டின் ஹோம் பட்டனை அழுத்தி, ரிமோட் அமைப்புக்குள் போய் ஸ்பீக்கர் சத்தத்தை முழுதாக வையுங்கள். பேட்டரி புதிதாக இருக்கட்டும். டிவி சத்தம் மிதமாக இருக்கட்டும், ஹெட்போன் வேண்டாம், ஏனென்றால் ரிமோட்டிலிருந்து வரும் சத்தம் காதில் விழ வேண்டும்.

ரிமோட்டைப் பிடிக்கிற விதம்

சோபாவில் சாய்ந்து, முழங்கையைத் தொடை மேலோ கைப்பிடி மேலோ வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கையையும் ஆட்டாதீர்கள், மணிக்கட்டு மட்டும் திரும்பினால் போதும். கையை நீட்டிக்கொண்டே விளையாடினால் அரைமணி நேரத்தில் தோள் வலிக்கும், அப்புறம் ஓட வேண்டிய கட்டத்தில் கை கேட்காது.

நன்சக்கின் ஸ்டிக்கில் நடை. இசட் பட்டனை அழுத்திக்கொண்டால் ஓட்டம். ரிமோட்டை எங்கே நீட்டுகிறீர்களோ அங்கே டார்ச் அடிக்கும், திரையின் ஓரத்துக்கு நீட்டினால் ஹாரி அந்தப் பக்கம் திரும்புவார். திரும்ப வேண்டியபோது ஓரத்துக்குப் போய், உடனே நடுவுக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் பழக வேண்டிய ஒரே விஷயம். ஓரத்திலேயே விட்டால் சுற்றிக்கொண்டே இருப்பீர்கள். முதல் பத்து நிமிடம் கதை எதையும் கவனிக்காமல் பனியில் நின்று, சுவர், கார், பெயர்ப் பலகை என்று ஒவ்வொன்றின் மேலும் வெளிச்சத்தை மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். பனித்துளி வெளிச்சத்துக்குள் வந்து போவதும், டார்ச்சோடு சேர்ந்து நிழல் நீண்டு சுருங்குவதும் வீ மாதிரி சின்ன எந்திரத்தில் எப்படிச் செய்தார்கள் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

பொருளைப் பிடிக்க ஏ, பி இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஏ மேலே கட்டை விரலில், பி அடியில் ஆள்காட்டி விரலில். அதாவது நிஜமாகவே இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கிற மாதிரி. இழுப்பறையைக் கிள்ளி இழுங்கள், தாழ்ப்பாளை நகர்த்துங்கள், டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்து உள்ளே என்ன என்று பாருங்கள். புதிர்கள் கடினமே இல்லை, எல்லாம் கண்ணெதிரில்தான் இருக்கும். சிக்கிக்கொண்டால் பெரும்பாலும் நீங்கள் இன்னும் கையால் தொடாத ஒரு பொருள் அந்த அறையில் இருக்கிறது என்று அர்த்தம்.

போனைக் காதில் வையுங்கள்

விளையாட்டின் ஆரம்பத்திலேயே ஓர் அழைப்பு வரும். கைக்குள் ரிமோட் அதிரும், ரிங்டோன் ரிமோட்டிலிருந்தே அடிக்கும். பலரும் அதை அப்படியே டிவியை நோக்கி நீட்டிக்கொண்டு கேட்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ரிமோட்டை எடுத்துக் காதில் வையுங்கள். அந்த ஸ்பீக்கர் ரொம்பச் சின்னது, குரல் கரகரவென்று தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், சிக்னல் சரியில்லாத போன் அப்படித்தானே இருக்கும். பேசுகிறவர் என்ன சொல்கிறார் என்று காதை அழுத்திக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடம் திரையை நோக்கி உங்கள் கையில் எதுவுமே நீட்டியிருக்காது. அறையில் நீங்கள், இருட்டு, காதில் ஒரு குரல். எனக்கு முதல் முறை கழுத்துப் பின்புறம் சில்லென்று ஆனது இந்த இடத்தில்தான், எந்த உருவத்தையும் பார்த்து இல்லை.

அந்தப் போனிலேயே வரைபடம், கேமரா, மெசேஜ், சேவ் எல்லாம் இருக்கிறது. வரைபடத்தில் போக வேண்டிய பாதையை நீங்களே கோடு போட்டு வைக்கலாம். ஊரில் போஸ்டரிலும் பலகையிலும் தெரிகிற எண்களை டயல் செய்து பாருங்கள், பலவற்றுக்குப் பதில் வரும். கதைக்கு அவசியமில்லை, ஆனால் அந்த ஊர் உயிரோடு இருப்பது அப்போதுதான் தெரியும்.

இரைச்சலுக்குக் காது கொடுங்கள். 1999 கேமில் ஹாரியின் பாக்கெட்டில் ஒரு ரேடியோ இருக்கும், ஆபத்து நெருங்கினால் அது இரையும். இங்கே அந்த வேலையைப் போன் செய்கிறது, ஆனால் அர்த்தம் வேறு. ரிமோட் இரையத் தொடங்கினால் பக்கத்தில் யாரோ விட்டுப்போன நினைவு ஒன்று இருக்கிறது. மெதுவாக நடங்கள், சத்தம் கூடினால் சரியான திசை, குறைந்தால் திரும்புங்கள். மங்கலான உருவம் ஒன்று தெரிந்தால் கேமராவை எடுத்துப் படம் பிடியுங்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு மெசேஜோ குரல்பதிவோ வரும். ஒன்றைக்கூட விடாதீர்கள். கதையின் நெஞ்சுப்பகுதி இந்தச் சின்னச் சின்னக் குரல்களில்தான் இருக்கிறது.

டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள்

கேம் தொடங்குமுன்பே ஓர் எச்சரிக்கை வரும்: இந்த கேம் உங்கள் மனதை எடைபோடும், தெரிந்துகொண்டதை உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தும் என்று. அது வெறும் மிரட்டல் இல்லை.

கதைக்கு இடையிடையே நீங்கள் டாக்டர் காஃப்மன் என்ற மனநல மருத்துவர் முன் உட்கார்ந்திருப்பீர்கள். அவர் ஒரு தாளை நீட்டுவார். எளிதில் நண்பர்கள் கிடைப்பார்களா, மனசு ஆற குடிப்பதுண்டா, துணைக்குத் துரோகம் செய்ததுண்டா என்கிற மாதிரிக் கேள்விகள். இன்னொரு முறை ஒரு வீட்டின் படத்தைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்வார், ரிமோட்தான் உங்கள் கிரேயான். நீங்கள் தீட்டுகிற வீடு, அந்த வண்ணங்களோடு, அப்புறம் ஊருக்குள் உங்கள் எதிரில் நிற்கும். நான் சுவருக்கு மஞ்சள் பூசியிருந்தேன். பனியில் நடந்து போய் டார்ச்சைத் தூக்கினால், அதே மஞ்சள் சுவர். அதற்கு மேல் நான் விவரிக்கப்போவதில்லை.

பதில் மட்டும் கணக்கில் சேர்வதில்லை. டார்ச்சை எதன் மேல் எவ்வளவு நேரம் வைத்திருக்கிறீர்கள், சுவரில் ஒட்டியிருக்கும் கவர்ச்சிப் படத்தை உற்றுப் பார்க்கிறீர்களா, குடிப்பாட்டில் பக்கம் கண் போகிறதா என்பதெல்லாம் சேர்கிறது. அதற்கேற்ப ஆட்களின் உடை மாறும், பேச்சு மாறும், போகும் இடமே மாறும், துரத்துகிற உருவங்களின் உடலும் மாறும், முடிவும் மாறும். கையில் இருக்கும் டார்ச் உங்கள் பார்வையைக் காட்டிக்கொடுக்கிறது என்பதுதான் இந்த கேமில் மோஷன் கன்ட்ரோலின் உண்மையான வேலை என்று நான் நினைக்கிறேன். ஸ்டிக்கால் நகர்த்தும்போது நாம் யோசித்து நகர்த்துகிறோம். கையால் நீட்டும்போது கண் போகிற இடத்துக்குக் கை தானாகப் போய்விடுகிறது.

அதனால் எந்த முடிவு வேண்டும் என்று முன்கூட்டியே தேடிப் பார்த்துவிட்டு அதற்கேற்பப் பதில் சொல்லாதீர்கள். முதல் முறையாவது உண்மையாக விளையாடுங்கள். வீட்டில் யாராவது தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தால் கேள்விகளுக்கு உண்மை சொல்வது கஷ்டம், தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து உட்காருங்கள். இது வயதுவந்தவர்களுக்கான கேம், பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். பிரிவு, குடி, சாவு, குடும்பச் சண்டை எல்லாம் வருகிறது. அண்மையில் அப்படி ஓர் அடி பட்டவர்கள் இன்னும் சில மாதம் கழித்து விளையாடலாம், கேம் எங்கேயும் போகாது.

ஊர் உறைந்ததும் ஓடுங்கள்

இதைச் சொல்லலாமா என்று கொஞ்சம் தயங்கினேன், ஆனால் பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் சொல்கிறேன்: எல்லாம் சாதாரணமாக இருக்கும் வரை எதுவும் உங்களைத் தாக்காது. தெருவில், கடையில், பள்ளிக்கூடத்தில் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் நிதானமாகச் சுற்றலாம். ஆபத்து வருவதற்கு முன் கண்ணெதிரில் சுவரும் தரையும் பனிக்கட்டியாக உறைந்து எல்லாம் நீலமாகும். அந்த நொடியிலிருந்து ஓட்டம்.

துரத்துகிறவற்றின் பெயர் ரா ஷாக். அவற்றைக் கொல்ல முடியாது. வெளியேறும் இடம் வரைபடத்தில் தெரியும், ஆனால் நீங்கள் போனைப் பார்க்கிற நேரத்தில் அவை நின்று காத்திருக்காது. ஆகவே உறைந்த உடனே, முதல் உருவம் வருமுன், ஒரே ஒரு பார்வை பார்த்துத் திசையை மனதில் பதித்துக்கொண்டு போனை மூடிவிடுங்கள். ஓடும்போது நீல விளிம்பு மின்னுகிற கதவு, சுவர், தடுப்பு எல்லாம் கடந்து போகக்கூடியவை. அவற்றை மட்டும் தேடுங்கள். அலமாரி மாதிரி எதையாவது சாய்த்துவிட்டுப் போக வாய்ப்பு வந்தால் சாய்த்துவிடுங்கள், பின்னால் வருகிறவற்றுக்கு அது தடை. டி-பேடின் (ரிமோட்டில் கூட்டல் குறி வடிவில் இருக்கும் பட்டன்) கீழ்ப்பக்கம் அழுத்தினால் ஹாரி பின்னால் திரும்பிப் பார்ப்பார். அடிக்கடி பார்க்காதீர்கள், பாதை தவறும்.

ஃபிளேர் என்ற எரியும் குச்சி கிடைத்தால், பற்றவைத்து அது எரிகிற வரை அவை கிட்ட வராது. எடுத்த உடனே பற்றவைக்காமல், வழி தெரியாமல் சுற்றுகிறோம் என்று தோன்றும்போது பற்றவையுங்கள், அந்த வெளிச்சத்தில் நின்று வரைபடம் பார்க்கலாம். ஒளிந்துகொள்ளும் இடங்களும் உண்டு, எனக்கு அவை பெரிதாக உதவியதில்லை, கண்டுபிடித்துவிடுகின்றன.

இப்போது எல்லோரும் திணறுகிற இடம். ரா ஷாக் வந்து கட்டிப்பிடித்துக்கொள்ளும். அதை உதற, ரிமோட்டையும் நன்சக்கையும் அது தொற்றியிருக்கிற திசையை நோக்கி உதற வேண்டும். முன்னால் தொங்கினால் இரண்டு கையையும் முன்னால் தள்ளுங்கள், முதுகில் ஏறியிருந்தால் தோளுக்கு மேல் பின்னால் உதறுங்கள், பக்கவாட்டில் என்றால் அந்தப் பக்கம். தெரியாதவர்கள் பதற்றத்தில் படபடவென்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். அதுதான் தப்பு. ரிமோட்டுக்குள் இருப்பது வேகமாற்றத்தை அளக்கிற கருவி. இடைவிடாமல் ஆட்டினால் எந்தத் திசை என்று அதற்குப் பிடிபடாது.

நான் செய்கிற முறை: பிடித்ததும் கையை அசைக்காமல் ஒரு நொடி திரையைப் பார்ப்பேன். எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் இரண்டு கையும் நெஞ்சருகே இருக்கிற நிலையிலிருந்து ஒரே தள்ளு, கதவைத் தள்ளித் திறக்கிற மாதிரி, சட்டென்று போய் சட்டென்று நிற்க வேண்டும். விழவில்லையென்றால் கையை நெஞ்சருகே கொண்டுவந்து நிறுத்தி, மறுபடி ஒரே தள்ளு. திரும்பக் கொண்டுவருவதை மெதுவாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் அதையே இன்னொரு உதறலாக எடுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று சேர்ந்து பிடித்தால் ஒவ்வொன்றாக. ரிமோட்டின் கயிறு மணிக்கட்டில் மாட்டியிருக்கட்டும், இந்தக் கட்டத்தில் வியர்த்த கையிலிருந்து ரிமோட் பறந்து டிவியில் போய் விழ எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

பிடிபட்டுக்கொண்டே இருந்தால் ஹாரி தளர்ந்து விழுவார், அந்தத் துரத்தலின் ஆரம்பத்திலிருந்து மறுபடி. அதற்கு மேல் இழப்பு எதுவும் இல்லை. ஒரே துரத்தலில் மூன்று முறை விழுந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கோபத்தில் ஓடுகிறவர்கள் ஒரே வட்டத்தில் சுற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வந்த அறைக்கே திரும்பி வந்தால் இன்னும் திறக்காத கதவு எது என்று மட்டும் பாருங்கள்.

எத்தனை நாளில் முடிப்பது

மொத்தமே ஏழு மணி நேரம்போலத்தான். ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். காஃப்மனின் அறையில் ஓர் அமர்வு, அப்புறம் ஊர்ப் பயணம், அப்புறம் ஒரு துரத்தல், அது முடிந்ததும் சேவ், அந்த ராத்திரிக்கு அவ்வளவு போதும். ஐந்தாறு ராத்திரி வரும். நடுவில் நீண்ட இடைவெளி விடாதீர்கள், முன்பு கேட்ட ஒரு குரல்பதிவு மறந்துபோனால் கடைசிக் காட்சியின் கனம் குறையும்.

முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பெயர்கள் ஓடுகிறபோது உங்களைப் பற்றிய மனநல அறிக்கை ஒன்று திரையில் வரும். டாக்டர் கேட்ட கேள்விகளும் நீங்கள் டார்ச் அடித்த இடங்களும் சேர்ந்து உங்களை என்ன மாதிரி ஆளாகக் காட்டியிருக்கின்றன என்று வரிவரியாகப் படியுங்கள். எனக்கு வந்ததில் இரண்டு வரி அப்படியே பொருந்தியது. அதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

இரண்டாம் முறை விளையாடும்போது ரிமோட்டை உங்களோடு நெருங்கிய ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் தள்ளி உட்கார்ந்துகொள்ளுங்கள். எதுவும் சொல்லாதீர்கள். அவருடைய டார்ச் எங்கே போகிறது என்று பாருங்கள். என் தங்கை விளையாடியபோது அவள் அந்த வீட்டுக்கு நீல வண்ணம் தீட்டினாள், கதவை மட்டும் சிவப்பாக்கினாள், என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள். பனிக்குள் அந்தச் சிவப்புக் கதவு எழுந்து நின்றபோது டார்ச்சை அதன் மேலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நகராமல் நின்றாள்.